பூச்சியத்தில் நின்ற முழங்கால்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நெஞ்சு குறுகுறுக்கும்போது கால் என்ன செய்யும் என்று கேட்டவர் பேராசிரியர் செண்பகவல்லி ஒருவர்தான். வைப்பாற்றுப் பல்கலைக்கழகத்தின் காவலியல் ஆய்வு மையத்துக்கு அவர் இயக்குநர். நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது, காலை யாரும் பார்க்கலாம், ஆகவே தப்புச் செய்யப் போகிறவனை அவன் நடையிலேயே பிடித்துவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம். அதற்கு டெல்லியிலிருந்து நிதி வந்தது, வெளிநாட்டு இதழில் கட்டுரை வந்தது, வளாகமெங்கும் கம்பங்கள் வந்தன. கம்பத்துக்கு ஒரு கேமரா, இரண்டு விளக்குகள். நடந்து போகிறவர் நல்லவர் என்றால் பச்சை எரியும், சந்தேகத்துக்கு உரியவர் என்றால் சிவப்பு. இந்த ஏற்பாட்டுக்குச் 'சீர்நடை' என்று அவரே பெயரும் வைத்தார்.

வந்த வாரத்திலேயே சீர்நடை ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்தது. இயற்பியல் துறையின் புரொஜக்டரைத் தூக்கி வேட்டிக்குள் கட்டிக்கொண்டு போன ஆள் அவன். தொடைக்கு நடுவே புரொஜக்டர் இருந்தால் எவன் நடையும் கொஞ்சம் கோணத்தான் செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. பத்திரிகையில் படம் வந்தது. அடுத்த துணைவேந்தர் செண்பகவல்லிதான் என்று பேச்சு கிளம்பியது. தென்மாவட்டப் பேருந்து நிலையங்களில் எல்லாம் சீர்நடையை வைக்கலாமா என்று போலீஸ் ஐ.ஜி.யே கேட்டு, ஜூன் மாதம் விழாவுக்கு வருவதாகவும் ஒப்புக்கொண்டார்.

விதியும் கடுமையான விதி. ஒரு பருவத்தில் மூன்று தரம் சிவப்பு எரிந்தால் அந்த ஆளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது. சிவப்பை அழிக்க யாருக்கும் அதிகாரமில்லை, இயக்குநருக்கும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தவர் செண்பகவல்லியேதான். அன்றைக்கு அந்த வரிக்காகக் கைதட்டல் வாங்கினார்.

இந்த மகிமைகளுக்கு நடுவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மையத்தில் யாரும் பேசுவதில்லை. அது இயக்குநரின் வலது முழங்கால். எப்போதோ ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது, பிறகு தேய்ந்துபோனது. அவர் தாங்கித் தாங்கித்தான் நடப்பார். அவர் எதிரே கால்பந்து என்று சொல்லக்கூட ஆட்கள் தயங்குவார்கள். சேலை மறைத்துக்கொள்கிறது, ஒருவருக்கும் தெரியாது என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு இப்படிச் சில நம்பிக்கைகள் தேவைப்படுகின்றன.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த பிறகு ஒரு காலையில், மாடியிலிருந்த தன் அறை ஜன்னல் வழியாக அவர் கீழே பார்த்தார். வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார்கள். அலுவலக எழுத்தர்கள் தாங்கி நடந்தார்கள். பதிவாளர் கோப்புடன் தாங்கி நடந்தார். கடைசியாகக் காரிலிருந்து இறங்கிய துணைவேந்தரும் இரண்டடி சரியாக வைத்துவிட்டு, கம்பம் வந்ததும் வலது காலை இழுக்க ஆரம்பித்தார்.

செண்பகவல்லிக்கு முகமெல்லாம் சுட்டது. தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார். இத்தனை வருடம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, இப்போது வளாகமே சேர்ந்து நடித்துக் காட்டுகிறது. கண்ணில் நீர் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் நெட்டையாக, எட்டி எட்டி, நேராக நடந்து வந்தாள். அவள் இசக்கியம்மாள், செண்பகவல்லியிடமே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். அவள் தாண்டிய கம்பங்களில் எல்லாம் சிவப்பு எரிந்தது. இவள் ஒருத்தியாவது நம்மைக் கேலி செய்யவில்லையே என்று செண்பகவல்லிக்கு மனம் இளகிப்போய், ஆளனுப்பி அவளை மேலே கூப்பிட்டார்.

"உக்காரு. உனக்கு மட்டுந்தான் என்னயக் கேலி பண்ணத் தோணல" என்றார்.

இசக்கி விழித்தாள். "கேலியா? யாரு மேடம்?"

"கீழ பாரு. எல்லாரும் எப்படி நடக்காங்கன்னு பாரு."

எட்டிப் பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ மேடம், அது கேலி இல்ல. பச்சை எரியணும்ல, அதுக்கு. வலது காலத் தாங்கி, இடது காலக் கொஞ்சம் வீசிப் போட்டா உடனே பச்சை. பொங்கலுக்கு முந்தியே பசங்க கண்டுபிடிச்சிட்டாங்க. ஹாஸ்டல்ல சாயங்காலம் அதுக்கு கிளாஸே நடக்கு."

"வி.சி.யுமா அந்த கிளாஸுக்குப் போறாரு?"

"அவருக்கு வீட்டுலயே வந்து சொல்லிக் குடுத்தாங்களாம் மேடம்."

செண்பகவல்லி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். விஷயம் முழங்காலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிய ஆரம்பித்தது. "நீ ஏன் அப்படி நடக்கல?" என்று கேட்டார்.

"எண்ணூறு மீட்டர் ஓடிப் பழகுன காலு மேடம், பணிய மாட்டேங்கு. அது போக..."

"அது போக?"

"உங்கள மாதிரி நடந்தா உங்களக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கும்ல. எனக்கு மனசு வரல." வந்ததிலிருந்து சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டாள். "சிவப்பு எப்பவோ மூணத் தாண்டிருச்சு மேடம். சாத்தூர்ப் பக்கம் அரசு கல்லூரியில எனக்கு வேலை வந்திருக்கு. ஜூன்ல சேரணும். நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாம சேத்துக்க மாட்டாங்க. இத விட்டா அடுத்த அறிவிப்பு வர்றதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிரும்."

தன்னைக் கேலி செய்யக் கூடாது என்று நினைத்த ஒருத்தியைத்தான் தன்னுடைய இயந்திரம் பிடித்து வைத்திருக்கிறது. செண்பகவல்லிக்கு வெட்கமாக இருந்தது. அவளை அனுப்பிவிட்டு இணைப் பேராசிரியர் செல்வினைக் கூப்பிட்டார். சீர்நடையை உருவாக்கியவர் செல்வின். செண்பகவல்லியின் பழைய மாணவர். இயக்குநர் தும்மினால் மையத்தில் ஜலதோஷம் பிடிப்பது அவருக்குத்தான்.

"செல்வின், உன் மெஷின் யாரு நடைய வச்சு நல்லவன் கெட்டவன்னு பாக்கு?"

"எதுக்கும் ஒரு பூச்சியம் வேணும்ல மேடம். தராசு முள்ளு நடுவுல நிக்கிற எடம் மாதிரி. துளி சந்தேகமும் இல்லாத ஒரு ஆளு நடையப் பூச்சியம்னு வச்சுக்கிடுதோம். மத்தவங்க அதுலருந்து எவ்வளவு தள்ளிப் போறாங்கன்னு பாக்கோம். ரொம்பத் தள்ளிப் போனா சிவப்பு."

"அந்த ஆளு யாரு?"

செல்வின் கைகளைக் கட்டிக்கொண்டார். "துளி சந்தேகமும் இல்லாத ஆளுன்னு நான் வேற யாரை வைக்க முடியும் மேடம்? என்னய வச்சா திமிருன்னு சொல்லுவீங்க. வி.சி.ய வச்சா, அப்ப நான் யாருன்னு கேப்பீங்க."

"நூறு பேர் நடைய எடுத்து சராசரி போட்டிருக்கலாமே. மொத வருசப் பாடம்லா அது."

"மொதல்ல அப்படித்தான் திட்டம் மேடம். அப்புறம் அந்த நூறு பேர்ல உங்கள எத்தனாவது எடத்துல வைக்கன்னு ஒரு பிரச்சினை வந்துச்சு."

"என் கால் இப்படின்னு உனக்குத் தெரியும்லா?" என்று மெதுவாகக் கேட்டார் செண்பகவல்லி.

"கட்டுரையில ஒரு குறிப்புப் போட ஆரம்பிச்சேன் மேடம். 'அளவுகோலாகக் கொள்ளப்பட்டவரின் வலது முழங்கால்' வரைக்கும் எழுதிட்டேன். அதுக்கு மேல கை வரல."

அந்தக் கட்டுரையில் முதல் பெயர் செண்பகவல்லியுடையது. முதல் பெயர் அவருடையது என்பதால் அதைப் படிக்கும் அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. துறைத்தலைவர் பெயர் இல்லாமல் கட்டுரை வெளியே போகாது, துறைத்தலைவர் கட்டுரைக்குள்ளே போகமாட்டார். நம் பல்கலைக்கழகங்களில் இது எழுதப்படாத ஏற்பாடு, அதனால் செண்பகவல்லியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

செய்ய வேண்டியது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. துணைவேந்தரிடம் போய், இந்த இயந்திரம் என் முழங்காலைத் தவிர வேறெதையும் அளக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சிவப்பு விழுந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விடுதலை கிடைக்கும். கட்டுரை போகும், ஐ.ஜி. போவார், துணைவேந்தர் நாற்காலியும் கூடவே போகும். இரண்டு தடவை புறப்பட்டார். இரண்டு தடவையும் துணைவேந்தர் அறைக்குள் போய் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார். முழங்கால் என்ற சொல் மட்டும் வாயில் ஏறவே இல்லை.

அப்புறம்தான் அவருக்கு அந்தக் குறும்பு யோசனை வந்தது. வாயால் சொல்ல வராததைக் காலால் சொல்லிவிட்டால் என்ன?

"மதுரையில போய் முழங்கால மாத்திட்டு வரப்போறேன்" என்று இசக்கியிடம் சொன்னார். "கோடை லீவுக்குள்ள நேரா நடக்கப் பழகிருவேன். விழா அன்னைக்கு ஐ.ஜி. முன்னால நிமிந்து நடந்து போவேன். எனக்கே சிவப்பு எரியும். அதக் கண்டுபிடிச்ச ஆளையே சந்தேகப்படுற மெஷின எவன் நம்புவான்? அன்னைக்கே அத மூடிருவாங்க, உன் சான்றிதழ் வந்துரும்."

"இப்பவே ஒரு வார்த்த சொல்லிட்டா போதாதா மேடம்?"

"சொன்னா நம்ப மாட்டாங்க பிள்ள. பெருந்தன்மைன்னு கைதட்டுவாங்க."

இது பாதி உண்மை. மீதிப் பாதி பயம். இசக்கிக்கும் அது தெரிந்தது, ஆனால் வேறு வழியில்லாதவள் என்ன செய்வாள், சரி என்று தலையாட்டினாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மே மாதக் காலைகளில் பல்கலைக்கழக மைதானத்தில் இசக்கி முன்னால் நடப்பாள், செண்பகவல்லி பின்னால் நடப்பார். "குதிகால மொதல்ல வைங்க மேடம். கீழ பாக்காதீங்க, என் முதுகப் பாருங்க" என்பாள் இசக்கி. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த நடை ஒன்று இருந்தது. ஆனால் தினமும் கண்ணெதிரே இருந்தது இசக்கியின் நடைதான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த எட்டும், தோளை நிமிர்த்தும் விதமும் அவருக்குப் படிந்துவிட்டன. வலியில்லாமல் மைதானத்தைச் சுற்றி முடித்த அன்றைக்கு அவர் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். இத்தனை வருடம் எதற்காக இதைத் தள்ளிப் போட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை. செல்வின் அடிக்கடி வேலி ஓரம் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, புன்னகையோடு பார்த்துவிட்டுப் போவார்.

விழா நாள் வந்தது. கலையரங்க வாசலில் புதுக் கம்பம் ஒன்று நட்டு, அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். ஐ.ஜி. வந்தார், பின்னால் அதிகாரிகள் வந்தார்கள். இயக்குநர்தான் முதலில் நடந்து தொடங்கி வைக்க வேண்டும் என்று முன்பே ஏற்பாடு. கேமரா முன்னால் நிமிர்ந்து நடக்கும்போது செண்பகவல்லிக்கு நெஞ்சு குறுகுறு என்றுதான் இருந்தது. துணைவேந்தர் பதவியை இந்தப் பத்தடியில் மிதித்துக்கொண்டு போகிறோம் என்று தெரிந்தே நடந்தார். கம்பத்தைத் தாண்டினார்.

பச்சை எரிந்தது.

கூட்டம் கைதட்டியது. செண்பகவல்லி திரும்பிப் பார்த்தார். செல்வின் ஓடி வந்து காதருகே குனிந்தார். "புது நடைய ஏத்திட்டேன் மேடம். பழச எடுத்துட்டு இப்ப இதுதான் பூச்சியம். உங்களுக்குத் திடீர் சந்தோஷமா இருக்கட்டும்னு முன்னாடியே சொல்லல. உங்களுக்குப் போயி சிவப்பு எரிஞ்சா நாங்கல்லாம் இருந்து என்ன பிரயோசனம்?"

அதற்குள் துணைவேந்தர் நடக்கத் தொடங்கிவிட்டார். மாதக்கணக்காகப் பழகிய நடை, வலது காலை அழகாகத் தாங்கித் தாங்கி வந்தார். சிவப்பு எரிந்தது. அவர் பின்னோக்கிப் போய், இன்னும் நன்றாகத் தாங்கி நடந்து வந்தார். மறுபடியும் சிவப்பு. பதிவாளர் தாங்கி வந்தார், சிவப்பு. புலத்தலைவர்கள் வரிசையாகத் தாங்கி வந்தார்கள், வரிசையாகச் சிவப்பு எரிந்தது. இதென்ன, இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரே காலில் வலி என்று யோசித்தபடியே ஐ.ஜி. அணிவகுப்பு நடையில் விறைப்பாக வந்தார். அவருக்கும் சிவப்புதான்.

"என்ன சார் இது, கோளாறா?" என்றார் ஐ.ஜி.

"கோளாறுதான் சார். சின்னக் கோளாறு" என்றார் துணைவேந்தர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

பிள்ளைகளுக்கு எரிந்தவரைக்கும் அது ஆராய்ச்சி முடிவு. ஐ.ஜி.க்கு எரிந்த நிமிடமே கோளாறாகிவிட்டது. செண்பகவல்லி சும்மா இருந்தாலே போதும். செல்வின் இரவோடு இரவாக எதையாவது மாற்றி எல்லாருக்கும் பச்சை கொடுத்துவிடுவார், நாற்காலி தானாக வந்து சேரும். பழைய சிவப்புகள் மட்டும் விதிப்படி அப்படியே கிடக்கும். அப்போது பூச்செண்டுத் தட்டோடு இசக்கி கம்பத்தைத் தாண்டி வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பச்சை எரிந்தது. அவள் விளக்கைப் பார்த்தாள், அப்புறம் செண்பகவல்லியைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

செண்பகவல்லி மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார். இனிமேல் காலை நம்பிப் பயனில்லை, வாயைத் திறந்துதான் ஆகவேண்டும்.

"கோளாறு இல்ல சார். மெஷின் சரியாத்தான் வேல செய்யுது. அது குற்றவாளியப் பிடிக்கல, என்னய மாதிரி நடக்காதவங்களப் பிடிக்குது. போன பருவம் பூராவும் தேஞ்சுபோன என் முழங்கால்தான் நல்ல நடத்தைக்கு அளவு. தேயாத முழங்கால் வச்சிருந்த பிள்ளைங்க எல்லாருக்கும் சிவப்பு. இப்ப என் புது நடைய அளவா மாத்தி வச்சிருக்காங்க, இன்னைக்கு நீங்க எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவங்க ஆயிட்டீங்க. இது எனக்குப் பல மாசமாத் தெரியும். சொல்லப் பயந்துட்டு இருந்தேன்."

முழங்கால் என்ற சொல்லை அந்த மையத்தின் ஆட்கள் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. ஒரு பேராசிரியர் பதறிப்போய் எழுந்தே நின்றுவிட்டார்.

ஐ.ஜி. வெகுநேரம் யோசித்தார். "அப்ப அந்த புரொஜக்டர் திருடன்?"

"அவன் புரொஜக்டர வச்சிருந்தான் சார்."

அன்றைக்கே சீர்நடை நிறுத்தப்பட்டது. பழைய சிவப்புகள் எல்லாம் செல்லாது என்று ஆணை போட வேண்டியதாயிற்று. இசக்கி சான்றிதழை வாங்கிக்கொண்டு குறித்த நாளில் வேலையில் சேர்ந்தாள். துணைவேந்தர் பதவி செண்பகவல்லிக்கு வரவில்லை, வெளியிலிருந்து ஒருவர் வந்தார். செண்பகவல்லி அடுத்த ஏப்ரலில் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் காலையில் தெருவில் வீசி நடக்கும்போது அந்த வருத்தம் பாதி வழியில் காணாமல் போய்விடும்.

என்ன தவறு நடந்தது என்று கண்டறியப் பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. செல்வின்தான் அதற்குச் செயலர். குழு பல தடவை கூடி, பல தட்டு முந்திரிப்பருப்பைத் தின்று, கடைசியில் தவறைக் கண்டுபிடித்தும் விட்டது. ஓர் இயக்குநரைப் போய் அளவுகோலாக வைத்ததுதான் தவறாம். இன்னும் உயர்ந்த பதவியில் இருப்பவரை வைத்திருக்க வேண்டுமாம்.

இசக்கியின் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அடுத்த ஆண்டு வந்தது. நெறியாளர் என்பதால் செண்பகவல்லியும் அவளோடு போனார். வாசலுக்குள் நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். வளாகத்தில் எல்லாரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, தேர் மாதிரி இப்படியும் அப்படியும் அசைந்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த பையன்கூட இல்லாத தொப்பையைத் தள்ளிக்கொண்டு போனான்.

"புது வி.சி. இப்படித்தான் நடப்பாராம் மேடம்" என்றாள் இசக்கி.

இருவரும் நேராக நடந்தார்கள். கம்பத்தில் சிவப்பு எரிந்தது. வாசல் காவலர் மாடசாமி பதறி ஓடி வந்தார். "மேடம், நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததில்ல. திரும்பிப் போயி கையப் பின்னால கட்டிக்கிட்டு, லேசா ஆடி ஆடி வந்திருங்க. நான் பாக்கலன்னு இருந்துக்கிடுதேன்."

"வேண்டாம். சிவப்புன்னே பதிஞ்சுக்கிடுங்க."

"பதிஞ்சா காரணம் கேக்கும் மேடம். என்னன்னு போட?"

"சொந்த நடைன்னு போடுங்க" என்றார் செண்பகவல்லி.

"மேடம், உங்க நடையில பாதி என்னோடது, மீதி இரும்பு" என்றாள் இசக்கி.

"அதையும் சேத்துப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லி அடுத்த கம்பத்தை நோக்கி எட்டி நடந்தார். அதிலும் சிவப்பு எரிந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த ஒட்டடைக்குச்சிப் பையன் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தான், பிறகு முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்துத் தொங்கவிட்டான்.